கோதுமை வயலைக் கடந்த தடம்: தன்னார்வலர் நடத்தும் ஸ்னோமொபைல் பாதையில் விதிகளை நடைமுறைப்படுத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹூரோன் ஏரிக்குக் கிழக்கே உள்ள விவசாய மாவட்டம் ஒன்றில், ஒரு ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) கழகம் ஒரே குளிர்காலத்தில் எதிர்கொண்ட சிக்கலை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கழகத்தின் தன்னார்வலர்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். கழகம், காணிச் சொந்தக்காரர், வண்டி ஓட்டியவர்கள் எவருடைய பெயரும் இதில் இல்லை. ஊரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

ஒன்ராறியோவின் ஸ்னோமொபைல் தடங்களை ஊர்க் கழகங்களே போட்டுப் பராமரிக்கின்றன. 1966இல் தொடங்கிய மாகாணக் கூட்டமைப்பின் கீழ் ஏறத்தாழ 200 கழகங்கள், 30,000 கிலோமீற்றர் அளவிலான தடங்களைப் பார்த்துக்கொள்கின்றன. இலையுதிர் காலத்தில் பற்றை வெட்டுவது, ஓடைகளுக்குக் குறுக்கே சிறு பாலம் போடுவது, பனி விழுமுன் கம்பு நட்டு வழியைக் குறிப்பது எல்லாம் ஊர்க்காரர் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. செலவுக்கு வழி பெர்மிட். ஒவ்வொரு வண்டிக்கும் பருவத்துக்கு ஒரு பெர்மிட் வாங்கி, ஸ்டிக்கரை முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நவம்பருக்கு முன் வாங்கினால் விலை குறைவு. பெர்மிட் வண்டிக்கு உரியது. ஒரே ஸ்டிக்கரை இரண்டு வண்டிக்கு மாற்றி மாற்றி வைக்க முடியாது. தடத்தைச் சமப்படுத்தும் குரூமர் இயந்திரத்தின் டீசலும் பழுதுச் செலவும், வழி விட்ட காணிச் சொந்தக்காரரைப் பாதுகாக்கும் பொறுப்புக் காப்புறுதியும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

பெர்மிட்டைக் கழகத்துக்குக் கொடுக்கும் நன்கொடை என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் 2001இல் வந்த ஒழுங்குவிதிக்குப் பிறகு, குறிக்கப்பட்ட தடங்களில் பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது மோட்டார் பனி வாகனச் சட்டத்தின் கீழ் குற்றம். தடத்தில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர் என்பதும், வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும், தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளவை.

இவற்றை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் குழப்பம் அதிகம். முதல் படியில் இருப்பவர் கழகத்தின் தடக் காவலர். காவலருக்குரிய மேலங்கி போட்டுக்கொண்டு வண்டிகளை மறித்துப் பெர்மிட் இருக்கிறதா என்று பார்ப்பார். புத்தி சொல்லலாம், குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த படி ஸ்டாப் (ஸ்னோமொபைல் தட அதிகாரி ரோந்து) அதிகாரிகள். சட்பரிப் பக்கம் தொடங்கிய திட்டம் இது. இவர்களும் தன்னார்வலர்களே, ஆனால் பயிற்சி பெற்று விசேட கான்ஸ்டபிளாக நியமிக்கப்பட்டவர்கள் என்பதால் குற்றச்சாட்டுப் பதிவுசெய்யும் அதிகாரம் உண்டு. மூன்றாவது, மாகாணப் பொலிஸ்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. தடத்தின் பெரும்பகுதி தனியார் காணியில் போகிறது. வழி விடுபவருக்கு வாடகை கிடையாது. ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டு வழி தருகிறார். மனம் மாறினால் எந்த நாளிலும் திரும்ப எடுத்துக்கொள்வார். ஒரு காணி மூடினால் இரண்டு ஊருக்கு இடையிலான தொடர்பே அறுந்துபோகும்.

எங்கள் கழகத்தின் முக்கிய வளையத் தடத்தில் ஒரு விவசாயியின் காணி அப்படித்தான் இருந்தது. பல வருடமாக வயலைக் குறுக்கே வெட்டித் தடம் போனது. அந்த இலையுதிர் காலத்தில் அவர் சோயா அறுத்த கையோடு குளிர்காலக் கோதுமை விதைத்திருந்தார். அதனால் தடத்தை வேலியோரம் நகர்த்தச் சொன்னார். கம்பு வரிசைக்கு வெளியே ஒரு வண்டியும் போகக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

காரணம் நியாயமானது. குளிர்காலக் கோதுமை செப்ரெம்பர், ஒக்டோபரில் முளைத்து, பனிக்கு அடியில் உறங்கி, வசந்தத்தில் எழும்பும். தளர்வான பனி போர்வை மாதிரி அதன் குருத்தைக் காக்கிறது. வண்டி ஏறி இறுகிய பனியில் குளிர் நேராகக் கீழே இறங்கும். நடுவில் ஒருமுறை உருகி உறைந்தால் அந்த வரி பனிக்கட்டியாகிவிடும். அடியில் இருக்கும் பயிருக்கு மூச்சு இல்லை. சேதம் ஏப்ரலில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் கண்டது

டிசம்பர் கடைசியில் தடம் திறந்தது. ஜனவரி முதல் வாரத்திலேயே விவசாயி தொலைபேசி எடுத்தார். வேலி திரும்பும் மூலையில் வண்டிகள் குறுக்கே வெட்டிப் போகின்றன, நள்ளிரவில் மஃப்ளர் (புகைக்குழாய்ச் சத்தத்தைக் குறைக்கும் பாகம்) இல்லாத வண்டிச் சத்தம் வீட்டை எழுப்புகிறது என்றார். அது எங்கள் உறுப்பினராக இருக்காது என்று கழகச் செயலாளர் சொன்னபோது அவர் கேட்டாராம்: "உங்கள் ஆட்கள் இல்லையென்றால் யார் ஆட்கள்? உங்கள் தடத்தில்தானே வருகிறார்கள்."

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பெர்மிட் வாங்கியவர், வாங்காதவர் என்ற பிரிவு கழகத்துக்குத்தான் முக்கியம். காணிச் சொந்தக்காரருக்கு எல்லாமே ஒரே வண்டி.

அடுத்த நாள் காலை இருவர் போய்ப் பார்த்தோம். தடம் செங்கோணத்தில் திரும்பும் இடம். மூலைக்கு முன்னால் நட்ட கம்புகளில் சில அடியோடு முறிந்து கிடந்தன. வயலுக்குள் போன தடயங்கள் பல நாளுக்கு உரியவை. பழையவற்றின் மேல் காற்று பனியை நிரப்பியிருந்தது, மேலே இரண்டு புதியவை. எல்லாமே மூலையின் உட்பக்கம் வெட்டியவை. வயலில் விளையாடத் திரியும் வண்டி வட்டம் போடும். இவை நேர் கோட்டில் ஒரே இடத்துக்குப் போயிருந்தன. எங்கேயோ போக அவசரப்பட்டவர்கள் என்று அப்போதே தோன்றியது.

முதல் முடிவும் அதன் வெற்றுப் பலனும்

கழகக் குழு இரண்டு விடயங்களை உடனே முடிவு செய்தது. மூலையில் கம்புகளை நெருக்கி நட்டு, 'விவசாய நிலம், தடத்தை விட்டு விலகாதீர்கள்' என்ற பலகை வைப்பது ஒன்று. சனிக்கிழமை பகலில் பிரதான வாகனத் தரிப்பிடத்தில் பெர்மிட் சோதனை நடத்துவது மற்றது. அங்கேதான் ரொறன்ரோப் பக்கமிருந்து ட்ரெயிலரில் வண்டி ஏற்றி வருபவர்கள் இறங்குவார்கள். வெளியூர்க்காரர்தான் விதி மீறுகிறார்கள் என்று குழுவில் பெரும்பாலானோர் நம்பினார்கள்.

சோதனை ஒழுங்காக நடந்தது. முன் கண்ணாடியில் பனித்தூள் அப்பியிருக்கும். காவலர் கையுறையால் துடைத்து எண்ணைப் படிப்பார். கிட்டத்தட்ட எல்லோரிடமும் பெர்மிட் இருந்தது. ஒருவர் மட்டும் ஸ்டிக்கரைச் சிறு பிளாஸ்ரிக் தகட்டில் ஒட்டி, அந்தத் தகட்டைப் பொதி கட்டும் ஒட்டுநாடாவால் கண்ணாடியில் பொருத்தியிருந்தார். இரண்டு வண்டிக்கு ஒரு பெர்மிட். கண்டிப்பாகப் பேசி, விதியை விளக்கி, இன்னொன்று வாங்கும்வரை தடத்தில் ஏற வேண்டாம் என்று காவலர் சொன்னார். அவரும் வண்டியை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்.

அந்த இரவும் மூலை வெட்டப்பட்டது.

பணம் கட்டுபவர்கள் வரும் வாசலில் நின்று பணம் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். சோதனை எண்ணிக்கையைக் கூட்ட அந்த இடம் நல்லது. விவசாயியின் முறைப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை.

குரூமர் காட்டிய வழி

திருப்பம் குரூமர் ஓட்டுநரிடமிருந்து வந்தது. குரூமர் இரவில்தான் ஓடும். அப்போது குளிர் கூடுதல், வண்டி நடமாட்டம் குறைவு, சமப்படுத்திய பனி விடியுமுன் இறுகிவிடும். நடை வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகமான வேகத்தில் பின்னால் கனமான இழுவைச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போகும்போது ஓட்டுநர் எல்லாவற்றையும் பார்க்கிறார். ஆனால் அவர் பார்த்ததைக் கழகத்தில் யாரும் கேட்பதில்லை. பதிவேட்டில் நேரமும் எரிபொருளும் மட்டும் எழுதுவார்.

அவர் சொன்னது இது: சனி இரவு அந்தப் பகுதியைச் சமப்படுத்திவிட்டு வரும்போது, புதுப் பரப்பில் முதல் தடயங்கள் எப்போதும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. பனி அகற்றாத பக்க வீதி ஒன்று தடத்தைச் சந்திக்கும் இடம் அது. பலகை இல்லை, தரிப்பிடம் இல்லை. அங்கிருந்து ஏறி, வயல் மூலையை வெட்டி, அடுத்த கிராமத்து எல்லையில் தடத்தை விட்டு இறங்கிவிடுகிறார்கள். மொத்தம் சில கிலோமீற்றர்கள்தான்.

அவரை இனி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தடயம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, கம்பு எங்கே முறிந்தது என்று எழுதச் சொன்னோம். இரண்டு வார இறுதிகளில் படம் தெளிவானது. வெளியூர்க்காரர் மேல் இருந்த சந்தேகம் பிழை. ஓட்டியவர்கள் பக்கத்து ஊர் ஆட்கள்.

குழுவுக்குள் நடந்த வாக்குவாதம்

இந்தக் கூட்டம் நீண்டது, சூடாகவும் இருந்தது. சிலர் பக்க வீதியில் வண்டியோடு காத்திருந்து துரத்திப் பிடிக்கலாம் என்றார்கள். சிலர் மரத்தில் கமரா கட்டி, படத்தை முகநூலில் போட்டால் ஊரே அடையாளம் சொல்லும் என்றார்கள். ஒருவர், கூட இரண்டு பலகை வைத்துவிட்டுப் பருவம் முடியும்வரை சமாளிப்போம் என்றார்.

துரத்துவதைத் தலைவர் அந்த இடத்திலேயே மறுத்தார். அவர் சரியாகவே செய்தார் என்பது என் உறுதியான எண்ணம். இரவில் ஸ்னோமொபைலைத் துரத்தினால் முன்னால் போகிறவர் வேகத்தைக் கூட்டுவார். வேலிக் கம்பியும் ஓடைக்கரையும் உள்ள நிலம் அது. ஒரு பெர்மிட்டுக்காக ஒரு பிள்ளை சாகக்கூடாது. தடக் காவலருக்குத் துரத்தும் அதிகாரமும் இல்லை, விபத்து நடந்தால் பொறுப்பு யாருடையது என்பதற்கு நல்ல பதிலும் இல்லை. முகநூல் யோசனையையும் விட்டோம். சின்ன ஊரில் பிழையான ஒருவரின் பெயர் அடிபட்டால் அதைத் திரும்ப அள்ள முடியாது. அவருடைய தகப்பனோ மாமனோ அடுத்த காணியின் சொந்தக்காரராக இருக்கலாம்.

மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. பக்க வீதி ஏறும் இடத்திலேயே பெர்மிட் பலகையும் வேகப் பலகையும் நடுவது. பதிவேட்டுக் குறிப்புகளை நாள், நேரத்தோடு ஸ்டாப் அதிகாரிகளிடமும் மாகாணப் பொலிஸிடமும் கொடுத்து, சனி இரவில் அந்த இடத்தில் ஒரு கூட்டுச் சோதனை கேட்பது. தலைவரே நேரில் போய் விவசாயியிடம் என்ன செய்கிறோம், எப்போது செய்கிறோம் என்று சொல்வது. மூன்றாவதை முதலில் செய்தோம்.

உருகலும் மூடிய தடமும்

சோதனைக்கு நாள் குறிக்குமுன் மழை வந்தது. ஜனவரியில் வரும் உருகல் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தடத்தை மூடி, கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சிவப்பாக மாற்றினோம். பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் கவனத்தோடு போகலாம், சிவப்பு என்றால் மூடியது. சிவப்பாக இருக்கும்போது பெர்மிட் இருந்தும் பயனில்லை. காணிச் சொந்தக்காரர் தந்த அனுமதி திறந்த தடத்துக்குத்தான். மூடிய தடத்தில் ஓடுபவர் அத்துமீறி நுழைந்தவர். அதற்கான மாகாணச் சட்டத்தில் அபராதம் 10,000 டொலர் வரை போகலாம்.

மூடிய பிறகும் வயலில் தடயம் விழுந்தது. ஈரமான பனியில், மண் தெரியுமளவுக்கு. விவசாயி இந்த முறை கோபப்படவில்லை. கைபேசியில் படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பிவிட்டு, மார்ச் வரை பார்க்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தார். கோபத்தைவிட அந்த வரி எங்களைக் கலக்கியது.

கூட்டுச் சோதனை

பெப்ரவரியில் தடம் மறுபடி திறந்த வார இறுதியில் சோதனை நடந்தது. மறித்தவர்கள் பொலிஸாரும் ஸ்டாப் அதிகாரிகளும். கழகத்தின் சார்பில் ஒரு காவலர் மட்டும், ஸ்டிக்கர் எண்ணைச் சரிபார்க்கத் தள்ளி நின்றார். யார் கேட்கிறார், யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை அந்த ஒழுங்கு பளிச்சென்று காட்டியது. ஏற்கெனவே நடந்த சில வாய்த்தர்க்கங்கள் அன்று நடக்கவில்லை.

நின்றவர்களில் சிலரிடம் பெர்மிட் இருந்தது. சில இளைஞர்களிடம் இல்லை. ஒரு வண்டியில் கடந்த பருவத்து ஸ்டிக்கர். ஒன்றில் தொழிற்சாலை மஃப்ளரைக் கழற்றி, சத்தம் கூட்டும் குழாய் மாட்டியிருந்தது. தொழிற்சாலை மஃப்ளரில் பொறிக்கப்பட்டிருக்கும் எஸ்.எஸ்.சி.சி. (ஸ்னோமொபைல் பாதுகாப்புச் சான்றிதழ்க் குழு) முத்திரை அதில் இல்லை. இன்னொருவர் தனக்குப் பெர்மிட் தேவையில்லை என்றார். விசாரித்ததில் அவர் சொன்னது சரி: அவர் தன் குடும்பக் காணியின் எல்லைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தார். எல்லைக் கல் எது என்று எங்கள் காவலருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதிகாரி மரியாதையாகப் பேசி அனுப்பினார். எங்கள் காவலர் தனியாக நின்றிருந்தால் இன்னொரு காணியையும் அன்றே இழந்திருக்கக்கூடும்.

யார் மேல் குற்றச்சாட்டு, யாருக்கு எச்சரிக்கை என்பது அதிகாரிகளின் தீர்மானம். கழகம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தது: எங்களுக்குப் பெர்மிட் காசைவிட வயல் மூலை முக்கியம். பெர்மிட் இல்லாதவர்களுக்கும் மஃப்ளர் மாற்றியவருக்கும் அபராதச் சீட்டு கிடைத்தது. மற்றவர்கள் எச்சரிக்கையோடு போனார்கள்.

இளைஞர்களில் ஒருவனுடைய தகப்பன் மறுநாள் தலைவரை அழைத்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தால், அவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: நண்பன் வீட்டுக்குப் போக நாலு கிலோமீற்றர் ஓட்டுவதற்கு முழுப் பருவக் காசு கட்ட வேண்டுமா? தலைவர் தூரம் முக்கியமில்லை என்பதையும், அந்த நாலு கிலோமீற்றரும் யாருடைய காணி, மகன் விழுந்து அடிபட்டால் காணிச் சொந்தக்காரர் மேல் வழக்கு வராமல் இருக்க யார் காப்புறுதி கட்டுகிறார்கள் என்பதையும் விளக்கினார். குறுக்கே வெட்டிய இடத்தில் கோதுமை விதைத்திருப்பது அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. பனிக்கு மேலிருந்து பார்த்தால் எல்லாம் வெறும் வெள்ளை. பிறகு அந்தப் பையன் இரண்டு சனிக்கிழமை கம்பு நட வந்தான். அவனோடு பிடிபட்ட மற்றவர்கள் வரவில்லை, அவர்களில் ஒருவன் பெர்மிட்டும் வாங்கவில்லை.

பின்விளைவு

சோதனைக்குப் பிறகு அந்தப் பருவத்தில் மூலையில் புதுத் தடயம் பெரும்பாலும் விழவில்லை. இரவுச் சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

ஏப்ரலில் விவசாயி தலைவரை வயலுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். பச்சை எழும்பிக்கொண்டிருந்த வயலின் மூலையில் வண்டி அகலத்துக்கு மூன்று நான்கு மண் நிற வரிகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. வரியின் ஓரத்தில் பயிரைப் பிடித்து இழுத்தார்; வேரில்லாமல் கையோடு வந்தது. கழகம் ஈடு தருவதாகச் சொன்னது. அவர் வாங்கவில்லை. பணம் வாங்கினால் அடுத்த வருடமும் நடக்கலாம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றார். வயலோர வழியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் முழுக் கதவையும் மூடவில்லை. வயலுக்கு அப்பால், மரவரிசையோரம் இருக்கும் குறுகிய துண்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். நேரில் வந்து சொன்னதற்காகவும், சொன்ன நாளில் சோதனை நடந்ததற்காகவும் என்று அவரே காரணமும் சொன்னார். விட்டுப்போன பகுதிக்குப் பதிலாக, ஒருபோதும் வீதி போடப்படாமல் கிடந்த நகராட்சி வீதி ஒதுக்கீடு ஒன்றைப் பயன்படுத்த நகராட்சியிடம் அனுமதி கேட்டோம். பழைய அளவைக் கணக்கில் இவை 66 அடி அகலமாக ஒதுக்கப்பட்டவை. பற்றையும் முள்ளும் அடர்ந்திருந்தது. கோடை முழுதும் வெட்டி, அடுத்த குளிர்காலத்தின் நடுவில்தான் திறக்க முடிந்தது. அதுவரை வளையம் அறுந்தே இருந்தது. அந்தப் பக்கத்து உணவகமும் எரிபொருள் நிலையமும் வார இறுதி வியாபாரத்தை இழந்தன.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

குரூமர் பதிவேடு இப்போது கழகத்தின் முதல் ஆவணம். தடயம் ஏறிய இடம், இறங்கிய இடம் இரண்டுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது, திங்கள் காலையில் ஒருவர் அதைப் படிக்கிறார். பெர்மிட் சோதனை எங்கே என்பதை அந்தப் பதிவேட்டை வைத்தே முடிவு செய்கிறோம்.

காவலர்களின் கையில் காணி எல்லை வரைபடமும், எந்தக் காணியில் யார் பெர்மிட் இல்லாமல் ஓடலாம் என்ற பட்டியலும் இருக்கிறது. கேட்பதற்கு ஒரே வாசகம்தான்: வணக்கம், பெர்மிட்டைப் பார்க்கலாமா. நிற்காமல் போகிற வண்டியை விட்டுவிட வேண்டும். நேரம், நிறம், திசை எழுதி ஸ்டாப் அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஒக்டோபரில் கையெழுத்து வாங்கப் போகும்போது, இந்த வருடம் என்ன விதைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். கோதுமையோ வைக்கோல் புல்லோ என்றால், செங்கோணத் திருப்பம் வராதபடி கம்பு வரிசையை வளைத்து நடுகிறோம். வண்டி ஓட்டும் எவருக்கும் செங்கோண மூலை குறுக்கே வெட்டும் ஆசையைத் தரும். அதை முதலிலேயே வளைத்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது என்று குரூமர் ஓட்டுநர் சொல்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். ஊர்ப் பாடசாலையில் நவம்பரில் ஒரு மாலை, பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் படங்களோடு காட்டவும் தொடங்கியிருக்கிறோம். அந்த ஏப்ரல் வரிகளின் படம் விவசாயியின் சம்மதத்தோடு அதில் இருக்கிறது.

தீராமல் நிற்பது மஃப்ளர் விடயம். புது வழி ஒரு வீட்டின் படுக்கையறை யன்னலுக்குக் கிட்டவாகப் போகிறது. அந்த வீட்டுக்காரர் இரவு பத்து மணிக்குப் பிறகு ஓடக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு பருவத்துக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். நேரப் பலகை இரண்டு முனையிலும் நட்டாயிற்று; குரூமருக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம். மீறுபவர்களின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுகிறோம். பருவம் முடிந்ததும் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு தலைவர் அவருடைய வீட்டுக்குப் போய், அடுத்த வருடத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும்.